கண்ணாடி மணிக்குள் சுற்றும் ஒளி

ஊரை விட்டு வெகு தொலைவில் வாழும் நமக்கு, நள்ளிரவில் ஒலிக்கும் தொலைபேசியைப் போல் அச்சம் தருவது வேறொன்றில்லை. தில்லியிலோ நாகபுரியிலோ ஜாம்ஷெட்பூரிலோ நாம் உறங்கிக்கொண்டிருக்கையில் ஊரிலிருந்து தம்பி பேசுகிறான். "அண்ணா, அப்பாவுக்கு நெஞ்சுவலி. ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டோம். இரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். ஒன்றும் நிச்சயமாகச் சொல்ல முடியவில்லையாம். மூன்று மணி நேரம் கழித்து மறுபடியும் எடுத்துப் பார்க்க வேண்டுமாம்." அந்த மூன்று மணி நேரத்தை நம்மில் பலர் கடிகாரத்தைப் பார்த்தபடியே கழித்திருக்கிறோம். முதல் முறை தெரியாதது இரண்டாம் முறை மட்டும் எப்படித் தெரியும்? முதலிலேயே தெரிந்துகொள்ள வழி கிடையாதா? இக்கேள்வி அவ்வேளையில் எழுவது இயல்பே. இதற்கு விடை தேடப் புகுந்தால் அது நம்மை மருத்துவமனையோடு நிறுத்திவிடுவதில்லை. பழைய மண்டபங்களின் சுவரோரமாக ஊர்ந்து செல்லும் ஒலி, தலைமயிர்ப் பருமனே உள்ள கண்ணாடி மணிக்குள் சுற்றிச் சுற்றி ஓடும் ஒளி ஆகியவை வரை கொண்டுபோய் விடுகிறது. அந்தக் கண்ணாடி மணியைப் பற்றியே நேயர்களுடன் இன்று பேச எண்ணுகிறோம்.

முதலில் இரத்தத்தில் தேடப்படும் பொருள் யாது என்று பார்ப்போம். இதயத்தின் தசைநார்களுக்குள் ட்ரோபோனின் என்னும் புரதம் இருக்கிறது. இரத்த ஓட்டம் தடைப்பட்டுத் தசை சேதமுற்றால் அப்புரதம் மெல்லக் கசிந்து இரத்தத்தில் கலக்கிறது. நலமாக இருப்பவர் இரத்தத்திலும் அது மிகச் சிறிதளவு இருக்கவே செய்யும். இன்று வழக்கிலுள்ள நுண்ணிய சோதனைகளுள் ஒன்று, இரத்த நீர் லிட்டர் ஒன்றுக்கு 14 நானோகிராம் என்பதை எல்லையாகக் கொண்டிருக்கிறது. நானோகிராம் என்பது ஒரு கிராமில் 100 கோடியில் ஒரு பங்கு. அதே ஒரு லிட்டர் இரத்த நீரில் மற்றப் புரதங்கள் ஏறத்தாழ 70 கிராம் கலந்திருக்கின்றன. வகுத்துப் பார்த்தால், நாம் தேடும் பொருள் எடையில் 500 கோடியில் ஒரு பங்கு. பத்து டன் பிடிக்கும் லாரிகள் பத்தில் அரிசியை நிரப்பி, அவ்வளவு அரிசியிலும் ஒரே ஒரு நெல்மணியைத் தேடச் சொன்னால் எப்படியிருக்கும்? கணக்கு அதுதான்.

வலி தொடங்கிய சிறிது நேரத்தில் கசிந்திருப்பது இன்னும் சொற்பம். மேலும், வேறு நோய்களாலும் இப்புரதம் சற்றுக் கூடுதலாக இருக்கக்கூடும். ஆதலால் அது ஏறிக்கொண்டு போகிறதா என்பதையும் மருத்துவர் காண வேண்டும். இரண்டாம் முறை இரத்தம் எடுப்பதற்குக் காரணம் இவையே. மருத்துவரின் அசட்டை என்று நாம் தொலைபேசியில் சீறுவது நியாயமன்று.

இவ்வளவு சிறிய அளவை எப்படிக் காண்கிறார்கள்? 1950-களின் இறுதியில் நியூயார்க்கில் ரோசலின் யாலோ என்ற அம்மையாரும் சாலமன் பெர்சன் என்ற மருத்துவரும் ஓர் அரிய வழியைக் கண்டார்கள். உடல் தன் பகைப் பொருள்களைப் பிடிப்பதற்காக உண்டாக்கும் எதிர்ப்பொருள்கள், பூட்டுக்கு ஏற்ற சாவி போல, தமக்குரிய ஒரே பொருளைத்தான் பற்றிக்கொள்ளும். அவர்கள் இன்சுலினுக்குரிய எதிர்ப்பொருளை எடுத்துக்கொண்டு, கதிரியக்க அயோடின் என்னும் முத்திரை குத்திய இன்சுலினையும் சேர்த்து, எவ்வளவு பற்றப்பட்டது என்பதைக் கதிரியக்கத்தைக் கொண்டு அளந்தார்கள். யாலோ அம்மையாருக்கு 1977-இல் நோபல் பரிசு கிடைத்தது. பெர்சன் அதற்கு ஐந்தாண்டுகள் முன்னரே காலமாகிவிட்டார். இன்று கதிரியக்கத்தின் இடத்தில் ஒளிவிடும் பொருள்களும் நிறம் மாற்றும் நொதிகளும் முத்திரையாக வந்துள்ளன. தத்துவம் மட்டும் மாறவில்லை: தேடும் பொருளைப் பிடி, அதன்மேல் முத்திரை குத்து, ஒட்டாததைக் கழுவு, முத்திரையை எண்ணு.

நல்ல முறைதான். நம் பெற்றோர் பலர் இன்று உயிரோடிருப்பது அதனால்தான். ஆயினும் ஒரு குறை. நாம் எண்ணுவது முத்திரையைத்தானே தவிரப் பொருளையன்று. முத்திரை இல்லாமல், அந்தப் புரதமே வந்து அமரும் கணத்தில் அதை நேரே உணர முடியுமா? ஒரு தனிப் புரதம் கண்ணுக்குப் புலனாகாது, ஒளியைத் தடுக்காது, நிறமும் இல்லை. தன்னைக் கடந்து செல்லும் ஒளியை அணுவளவு தாமதப்படுத்துகிறது, அவ்வளவே. ஒருமுறை கடந்து சென்ற ஒளியில் அத் தாமதத்தை அளப்பது மிகக் கடினம். ஆனால் அதே ஒளியைத் திருப்பித் திருப்பி, அதே புரதத்தின் அருகே ஆயிரக்கணக்கான முறை ஓடச் செய்தால்?

இதற்கு வழிகாட்டியது ஒளியன்று, ஒலி. லண்டனில் செயிண்ட் பால் தேவாலயத்தின் கவிமாடத்தின் அடியில் வட்டமான மாடமொன்று உண்டு. அதன் சுவரருகே ஒருவர் முணுமுணுத்தால் எதிர்ப்புறம் உள்ளவருக்குத் தெளிவாகக் கேட்கும். கவிமாடத்தில் பட்டுத் திரும்பும் ஒலி எதிர்ப்புறத்தில் குவிகிறது என்று முன்னே ஒரு விளக்கம் கூறப்பட்டது. ராலே பிரபு இதை ஏற்கவில்லை. எதிர்ப்புறத்தில் மட்டுமா கேட்கிறது, சுவரோரம் எங்கு நின்றாலும் கேட்கிறதே என்றார். ஒலியானது சுவரைப் பற்றிக்கொண்டு அதன் வளைவோடே ஊர்ந்து செல்கிறது என்பது அவர் கொள்கை. அதை மெய்ப்பிக்க அவர் செய்த சோதனை மிக எளியது. ஒரு துத்தநாகத் தகட்டை அரைவட்டமாக வளைத்து நிறுத்தி, ஒரு முனையில் பறவைக் குரல் எழுப்பும் சீழ்க்கையையும் மறுமுனையில் ஒலிபட்டால் துடிக்கும் சுடரையும் வைத்தார். சுடர் துடித்தது. பின்னர் தகட்டின் உட்புறத்தை ஒட்டினாற்போல் ஒரு குறுகிய பலகையை வைத்தார். சுடர் அடங்கிவிட்டது. நடுவெளி முழுவதும் திறந்தே கிடந்தும், சுவரோரத்தில் வைத்த சிறு தடை ஒலியை மறித்துவிட்டது. இந்தப் பலகையை நேயர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறோம். 1910-இல் ராலே இதற்கு முழுமையான கணித விளக்கமும் தந்தார்.

இக்கதையில் அடுத்து வருபவர் நம்மைப் போலவே ஊரை விட்டு வேலைக்குப் போன ஒரு தமிழர். திருச்சிராப்பள்ளியில் பிறந்த சந்திரசேகர வேங்கடராமன், 18 வயதில் நிதித் துறை உத்தியோகத்துக்காக 1907-இல் கல்கத்தாவுக்குக் குடிபோனார். பகலில் கணக்கு அலுவலகம். காலையிலும் மாலையிலும் பௌ பஜார் தெருவிலிருந்த விஞ்ஞான வளர்ச்சிச் சங்கத்தின் பரிசோதனைச் சாலை. 1917-இல் உத்தியோகத்தைத் துறந்து கல்கத்தாப் பல்கலைக் கழகத்தில் பேராசிரியரானார். 1921-இல் அவர் முதன்முறையாக ஐரோப்பா சென்று திரும்புகையில் கடலின் நீலம் அவர் கண்ணைக் கவர்ந்ததும், அதிலிருந்து பிறந்த ஆராய்ச்சியும் எல்லாரும் அறிந்தவை. அதே பயணத்தில் அவர் செயிண்ட் பால் மாடத்தில் நின்று ஒலியை ஆராய்ந்ததை அறிந்தவர் சிலரே. சதர்லாந்து என்பவருடன் சேர்ந்து அவர் கண்டது யாதெனில், ராலேயின் கணக்குப்படி சுவரிலிருந்து உள்நோக்கி வர வர ஒலி ஒரே சீராகக் குறைய வேண்டியிருக்க, உண்மையில் அது ஏறியும் இறங்கியும் குறைகிறது என்பதே. அலைகள் ஒன்றோடொன்று சேர்ந்தும் மோதியும் கோலமிடுகின்றன. தாயகம் திரும்பிய ராமன் இங்குள்ள மாடங்களையும் விட்டுவைக்கவில்லை. பீஜாப்பூரின் கோல் கும்பாஸ், பாட்னாவில் 1786-இல் கட்டப்பட்ட கோல்கர் என்னும் தானியக் களஞ்சியம், கல்கத்தாவில் அப்போதுதான் திறக்கப்பட்டிருந்த விக்டோரியா நினைவு மண்டபம் ஆகியவை அவருடைய ஆராய்ச்சியில் இடம்பெற்றன. இவ்வூர்களில் இப்போது வசிக்கும் நம்மவர்கள் அவற்றின் முன்னால் அன்றாடம் போய்வந்துகொண்டிருக்கக்கூடும்.

கோல் கும்பாஸை நாமும் ஒருமுறை காணச் சென்றோம். 1656-இல் முடிந்த முகமது ஆதில் ஷாவின் கல்லறை அது; கவிமாடத்தின் புறவிட்டம் ஏறத்தாழ 44 மீட்டர். படியேறி உள்மாடத்தை அடைந்து, நண்பர் ஒருவரை எதிர்ப்புறத்துக்கு அனுப்பிவிட்டுச் சுவரில் காதை வைத்து நின்றோம். அவர் சட்டைப் பையிலிருந்து நுழைவுச் சீட்டை எடுத்துக் கசக்கிய ஓசை நம் காதருகே கேட்டது. வியந்து நிற்பதற்குள் ஒரு பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் நூறு பேர் ஓடிவந்துவிட்டார்கள். ஒவ்வொருவரும் தத்தம் பெயரைக் கூவினார்கள். மாடம் அத்தனை கூச்சலையும் ஒன்று விடாமல் பல முறை திருப்பிச் சொல்லிற்று. நண்பர் பேசிய ஒரு சொல்லும் அதற்குப் பின் கேட்கவில்லை. நுட்பமாகக் கேட்கும் மாடம் எல்லாவற்றையும் நுட்பமாகவே கேட்கும் என்ற எளிய உண்மை அப்போது நமக்குச் சற்று எரிச்சலோடுதான் விளங்கிற்று.

இனி ஒலியை விட்டு ஒளிக்கு வருவோம். கண்ணாடிக்குள் செல்லும் ஒளி அதன் ஓரத்தில் மிகச் சாய்வாக வந்து விழுந்தால் வெளியே போகாது. முழுவதும் உள்ளேயே திரும்பிவிடும். இதை முழு அகப் பிரதிபலிப்பு என்பர். உருண்டையான கண்ணாடி மணிக்குள் ஒளியை ஓரமாகச் செலுத்திவிட்டால் அது சுவரைத் தழுவியபடியே வட்டமிட்டுக்கொண்டிருக்கும். செயிண்ட் பால் மாடத்தில் ஒலி செய்வதையே ஒளி இங்கே செய்கிறது. இத்தகைய மணியைச் செய்வதும் கடினமன்று. தொலைபேசிச் செய்திகளைக் கொண்டு செல்லும் கண்ணாடி இழையின் நுனியைச் சுடரில் காட்டினால் அது உருகும். உருகிய கண்ணாடி, இலை நுனியில் நீர் திரள்வது போல, தானே உருண்டையாகத் திரளும். எந்தக் கடைசல் இயந்திரத்தாலும் தர முடியாத வழவழப்பை அந்த உருகல் தந்துவிடுகிறது. மாஸ்கோவில் பிராகின்ஸ்கி, கொரொதெத்ஸ்கி, இல்சென்கோ ஆகிய மூவர் இத்தகைய மணிகளுக்குள் ஒளியை வியக்கத்தக்க நேரம் அடைத்துவைக்கலாம் என்று 1989-இல் காட்டினார்கள்.

வியக்கத்தக்க நேரம் என்றால் எவ்வளவு? நல்ல மணியொன்றில், காற்றில் இருக்கும்போது, ஒளி ஒரு நொடியில் ஒன்றரைக் கோடியில் ஒரு பங்கு நேரம் தங்குகிறது. அற்ப நேரம் என்று தோன்றலாம். அந்நேரத்தில் கண்ணாடிக்குள் ஒளி ஓடும் தூரம் ஏறத்தாழ 14 மீட்டர். மணியின் விட்டம் ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குதான் என்றால், அந்த ஒளி அதற்குள் நாற்பதாயிரம் சுற்றுக்கு மேல் சுற்றிவிட்டது என்று பொருள். வழியில் ஏதேனும் ஒன்று ஒட்டிக்கொண்டிருந்தால் அதனை நாற்பதாயிரம் முறை கடந்திருக்கும்.

ஆனால் எல்லா ஒளியும் இவ்வாறு சுற்றாது. ஒரு சுற்று முடிந்து புறப்பட்ட இடத்துக்கு வரும்போது அலையின் முகடு முகட்டோடு பொருந்த வேண்டும். சுற்றளவில் முழு எண்ணிக்கையில் அலைகள் அடங்கினால்தான் அது நடக்கும். நாம் கூறிய மணியில் ஏறத்தாழ 350 அலைகள் அடங்கலாம். பொருந்தினால் ஒளி சேர்ந்து வலுக்கும். பொருந்தாவிடில் தன்னைத்தானே அழித்துக்கொள்ளும். இதுவே ஒத்ததிர்வு. தம்பூராவின் தந்தி தனக்குரிய சுருதிக்கு மட்டும் அதிர்வது போல, மணியும் தனக்குரிய அலைநீளத்தை மட்டுமே உள்ளே ஏற்கிறது. மணியின் பக்கத்தில் மெல்லிய கண்ணாடி இழையை வைத்து, அதில் லேசர் ஒளியைச் செலுத்தி, அதன் அலைநீளத்தைச் சிறிது சிறிதாக மாற்றிக்கொண்டே போனால், குறிப்பிட்ட ஒரு நீளத்தில் மட்டும் இழையின் மறுமுனையில் ஒளி சட்டென்று குன்றும். அவ்வொளியை மணி விழுங்கிவிட்டது என்பதற்கு அது அடையாளம்.

இப்போது ராலேயின் பலகைக்கு வருவோம். மணிக்குள் ஓடும் ஒளி முற்றிலும் உள்ளேயே இருப்பதில்லை. அதன் மங்கலான விளிம்பு கண்ணாடிக்கு வெளியே ஒரு மில்லிமீட்டரில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு அளவுக்கு நீட்டிக்கொண்டு வந்து மறைந்துவிடுகிறது. அந்த மெல்லிய எல்லைக்குள் ஒரு புரதம் வந்து அமர்ந்தால், ஒளி ஒவ்வொரு சுற்றிலும் இம்மியளவு தாமதப்படுகிறது. மணி இம்மியளவு பருத்தாற்போல் ஆகிறது. உடனே மணியின் சுருதி மாறுகிறது. அது விழுங்கும் அலைநீளம் சற்று நீள்கிறது.

பிராங்க் வோல்மர், ஸ்டீபன் ஆர்னால்டு முதலியோர் நியூயார்க்கில் 2002-இல் இதைச் செய்து காட்டினார்கள். எடுத்துக்கொண்ட புரதம் பசுவின் இரத்த நீரிலுள்ள ஆல்புமின். சுமார் 0.3 மில்லிமீட்டர் விட்டமுள்ள மணியின் மேல் 3 நானோமீட்டர் கனத்தில் ஒரு புரதப் படலம் படிந்தால் மணியின் ஆரம் ஐம்பதாயிரத்தில் ஒரு பங்கு பெருத்ததாகும். அலைநீளமும் அதே விகிதத்தில் நகரும். மணி தண்ணீரில் மூழ்கியிருந்தும், விழுங்கும் கோட்டின் அகலம் அந்த நகர்ச்சியில் சுமார் இருபதில் ஒரு பங்குதான் ஆகையால் அதைத் தவறாமல் காணலாம். முத்திரை இல்லை, கழுவல் இல்லை, புரதம் வந்து படியப்படியக் கோடு நகர்வதைத் திரையில் பார்த்துக்கொண்டிருக்கலாம். அடுத்த ஆண்டே இரண்டு மணிகளை அருகருகே வைத்து, மரபணுவின் சிறு துண்டுகளில் ஓர் எழுத்து மட்டுமே மாறியிருந்தாலும் பிரித்தறியலாம் என்று காட்டினார்கள்.

2008-இல் இன்னும் ஒரு படி ஏறினார்கள். இன்புளூயன்சா வைரஸ்கள் மிதக்கும் நீரில் சிறிய மணியொன்றை வைத்தபோது, கோடு வழுக்கிக்கொண்டு நகராமல் படிப்படியாக ஏறிற்று. ஒவ்வொரு படியும் ஒரு வைரஸ் வந்து அமர்ந்ததற்கு அடையாளம். கட்டம் போட்ட தாளில் மாடிப்படி வரைந்தது போன்ற அந்தப் படத்தைக் காணும்போது, வாயிலில் விருந்தினர் ஒவ்வொருவராக நுழைவதை எண்ணுவது போன்ற உணர்ச்சி நமக்கு உண்டாயிற்று.

வைரஸ் பெரிது, அதன் குறுக்களவு 100 நானோமீட்டர். ஒரு புரதம் அதற்குப் பன்மடங்கு சிறியது. ஒற்றைப் புரதத்தை இவ்வாறு உணர முடியுமா என்பதில் ஒரு வழக்கே எழுந்தது. கலிபோர்னியாவில் ஆர்மனி, வஹாலா முதலியோர் உருண்டைக்குப் பதிலாக, சிலிக்கன் சில்லின் மேல் தூண் எழுப்பி, அதன் தலையில் உளுந்து வடை வடிவில் ஒரு கண்ணாடி வளையத்தை அமைத்திருந்தார்கள். ஒளி அதில் மணியைப் போலவே நீண்ட நேரம் சுற்றும். 2007-இல் அவர்கள் இன்டர்லூக்கின் என்னும் புரதத்தை ஒவ்வொரு மூலக்கூறாக உணர்ந்ததாக அறிவித்தார்கள். சுற்றும் ஒளியால் மூலக்கூறு சூடேறி, அச்சூடு வளையத்தின் சுருதியை மாற்றுகிறது என்பது அவர்கள் தந்த விளக்கம். உலகெங்கும் ஆரவாரம் எழுந்தது. ஆர்னால்டும் அவர் துணைவர்களும் 2010-இல் இவ்விளக்கத்தைக் கணக்கிட்டுப் பார்த்து, அவ்வாறு உண்டாகும் சூடு அறிவிக்கப்பட்ட நகர்ச்சிக்குச் சிறிதும் போதாது என்று எழுதினார்கள். விஞ்ஞானத்தில் இத்தகைய வழக்குகள் எழுவது நல்லதே என்பது நம் கருத்து. திரையில் ஒரு கோடு அசைவதைக் காண்பது வேறு. அசைத்தது எது என்று அறிவது வேறு.

சூட்டைப் பற்றிய பேச்சு வந்ததால் இதையும் சொல்லிவிடுகிறோம். கண்ணாடி சற்றே சூடானாலும் அதன் சுருதி மாறும். ஒரு டிகிரியில் சில நூறில் ஒரு பங்கு வெப்பம் ஏறினாலே, ஒரு வைரஸ் வந்து அமர்ந்த அளவுக்குக் கோடு நகர்ந்துவிடும். பக்கத்தில் ஓர் ஆள் வந்து நின்றால் போதும். வைரஸ் சட்டென்று படியேறுகிறது, வெப்பம் மெல்ல வழுக்குகிறது என்ற வேற்றுமையைக் கொண்டுதான் ஆராய்ச்சியாளர் இரண்டையும் பிரித்தறிகிறார்கள்.

ஒற்றை மூலக்கூற்றுக்கு வழி தங்கத்தின் வாயிலாக வந்தது. சில பத்து நானோமீட்டர் நீளமே உள்ள தங்கத் துணுக்கை மணியின் மேல் ஒட்டவைத்தால், சுற்றும் ஒளியின் வலு அத்துணுக்கின் முனையில் செறிகிறது. அந்த முனையில் வந்து அமரும் சிறு பொருளும் கோட்டைத் தள்ளும். ஆர்னால்டின் குழுவினர் 2013-இல் தங்கத் துகளின் துணையால் ஒற்றைப் புரதங்களை உணர்ந்தார்கள். வோல்மரின் குழுவினர் ஜெர்மனியில் எர்லாங்கன் நகரத்து மாக்ஸ் பிளாங்க் நிலையத்தில், தங்கக் கோல்களைக் கொண்டு, மரபணுவின் எட்டெழுத்துத் துண்டுகள் வந்து கூடுவதையும் பிரிவதையும் ஒவ்வொன்றாகப் பதிவு செய்து 2014-இல் வெளியிட்டார்கள். முணுமுணுப்பைக் கேட்டாகிவிட்டது என்று இப்போது தயங்காமல் சொல்லலாம்.

அப்படியானால் அந்த மூன்று மணி நேரம் ஏன் இன்னும் ஒழியவில்லை? இங்கே நாமே ஓர் எளிய கணக்குப் போட்டுப் பார்த்தோம். லிட்டருக்கு 14 நானோகிராம் ட்ரோபோனின் என்றால், கடுகளவான ஒரு கன மில்லிமீட்டரில்கூட இரண்டு இலட்சம் மூலக்கூறுகளுக்கு மேல் உள்ளன. அசையாத நீரில், முழு மணியின் மேல் நொடிக்குப் பத்துப் பதினைந்து மூலக்கூறுகள் தாமாகவே வந்து மோதும். நல்ல வரவுதான். ஆனால் முழு மணிக்கு ஒற்றை மூலக்கூற்றை உணரும் திறன் இல்லை. திறனுள்ளது தங்க முனை. அதன் அளவோ பத்து நானோமீட்டர். அவ்வளவு சிறிய இடத்துக்கு ஒரு ட்ரோபோனின் வழி தவறி வந்து சேர ஐந்தாறு நிமிடங்கள் ஆகின்றன. உணரும் இடத்தைச் சிறிதாக்க ஆக்கக் காது கூர்மையாகிறது. ஆனால் விருந்தினர் வாயிலைக் கண்டுபிடிப்பதும் அரிதாகிறது.

அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். ஒரு கோலுக்குப் பதில் பல கோல்களை வைக்கலாம். நீரை ஓடச் செய்யலாம். பெரிய தொல்லை அந்தப் பத்து லாரி அரிசி. ஒரு ட்ரோபோனின் வந்து சேரும் ஐந்தாறு நிமிடங்களுக்குள் மற்றப் புரதங்கள் கோடிக்கணக்கில் அதே முனையில் வந்து மோதுகின்றன. எதிர்ப்பொருளைப் பூசிவைத்திருந்தாலும், அவற்றுள் சில வெறும் ஒட்டும் தன்மையால் ஒட்டிக்கொண்டுவிடும். ஒட்டியது ட்ரோபோனினா ஆல்புமினா என்று கண்ணாடி மணிக்குத் தெரியாது. கோல் கும்பாஸில் நூறு பிள்ளைகள் கூவிய கூச்சலை நாம் மறந்துவிடவில்லை. மேலே கூறியவை போன்ற அழகான படிப்படங்கள் பெரும்பாலும் தெளிந்த உப்பு நீரில் எடுக்கப்பட்டவையே, இரத்தத்தில் எடுக்கப்பட்டவையன்று. ஒரு துளி இரத்தத்தில் ஒரே மூலக்கூற்றைக் கண்டுபிடிக்கும் கருவி என்று பத்திரிகையில் படிக்க நேர்ந்தால், எந்த நீரில் கண்டார்கள் என்ற வரியைத் தேடிப் படிப்பது நன்று.

இரத்த நீரிலேயே இறங்கிப் பார்த்தவர்களும் உண்டு. அமெரிக்காவில் இல்லினாய் பல்கலைக் கழகத்தைச் சேர்ந்தவர்கள் கண்ணாடி மணியை விட்டுவிட்டு, சிலிக்கன் சில்லின் மேலேயே பல சிறு வளையங்களைப் பொறித்தார்கள். ஒளி இவற்றில் மணியில் சுற்றும் அளவுக்கு நெடுநேரம் சுற்றுவதில்லை. ஆனால் நூற்றுக்கணக்கில் ஒரே மாதிரியாகச் செய்யலாம். ஒவ்வொரு வளையத்திலும் வெவ்வேறு எதிர்ப்பொருளைப் பூசலாம். சில வளையங்களில் எதனையும் பூசாமல் விட்டுவிடுவார்கள். அவற்றுக்கு வெப்ப மாற்றமும் வீண் ஒட்டலுமாகிய கூச்சலை மட்டும் கேட்டுக்கொண்டிருப்பதே வேலை. மற்ற வளையங்கள் கேட்டதிலிருந்து அக்கூச்சலைக் கழித்தால் எஞ்சுவதே செய்தி. இம்முறையில் 2009-இல் புற்றுநோய்க்கு அடையாளமாகக் கொள்ளப்படும் ஒரு புரதத்தைக் கன்றின் இரத்த நீரில் கண்டார்கள். அம்முறையால் காணத்தக்க மிகக் குறைந்த அளவு, லிட்டருக்கு 2,000 நானோகிராம். நம் ட்ரோபோனின் எல்லையான 14 எங்கே, 2,000 எங்கே? நடுவே ஏறத்தாழ 140 மடங்கு இருக்கிறது.

அந்த இடைவெளியைக் குறைக்க அவர்களே பிற்பாடு இன்னொரு வழியை மேற்கொண்டார்கள். பிடிபட்ட புரதத்தின் மேல் இரண்டாவது எதிர்ப்பொருளையும், அதனோடு பருமனான ஒரு மணியையோ நொதியையோ சேர்த்து, நகர்ச்சியைப் பெரிதாக்கினார்கள். வாயில் வழியாக வேண்டாமென்று அனுப்பிய முத்திரை கொல்லைப்புறமாக வந்து சேர்ந்துவிட்டது. மருத்துவமனைகளோ இதற்கெல்லாம் காத்திராமல், ஒளிவிடும் முத்திரைகளையே மேன்மேலும் நுட்பமாக்கி, சில இடங்களில் அந்த மூன்று மணி நேரத்தை ஒரு மணியாகக் குறைத்திருக்கின்றன.